மகள் தோட்டக்கலை படிக்கட்டுமா?

கேள்வி: எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். ஒரு ஏக்கர் மல்லி, அதை ஒட்டிக் கொஞ்சம் கத்தரி. மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, இந்த வருடம் பிளஸ் டூ உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தோட்டக்கலை பட்டப்படிப்புதான் படிப்பேன் என்கிறாள். நாங்கள் மண்ணில் பட்ட பாடு போதும் என்றுதான் அவளைப் படிக்க வைத்தோம். "களை எடுக்க நாலு வருஷம் காலேஜா?" என்று என் மச்சான் கேட்கிறார். அவளுடைய டீச்சரோ, மதுரையிலேயே தாவரவியல் சேர்த்துவிடலாம் என்கிறார். போன மாதம் எங்கள் மல்லி ஒரு பக்கமாக மஞ்சள் அடித்தது. யூரியா போடக் கிளம்பினேன். "புதுத் தளிர்தான் மஞ்சளா இருக்கு, பழைய இலை பச்சையாத்தானே இருக்கு, யூரியா எதுக்கு?" என்று தடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளை என்ன படிக்க வைப்பது?

பதில்:

ஐயா, வணக்கம். தோட்டக்கலை படித்து, அதையே வேலையாகவும் செய்து, பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தவன் நான். உங்கள் மகள் சொன்னது சரி. அதை முதலில் விளக்கிவிடுகிறேன். படிப்பைப் பற்றிய கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும்.

யூரியாவில் இருப்பது தழைச்சத்து. மண்ணில் தழைச்சத்து குறைந்தால் செடி சும்மா இருக்காது. பழைய இலையில் இருப்பதை உருவி, வளர்கிற தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலிருக்கும் முதிர்ந்த இலைதான் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி இல்லை. ஓர் இலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து எளிதில் கிளம்பாது. அதில் குறை வந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதுத் தளிர் மட்டும் மஞ்சளாகும். உற்றுப் பார்த்தால் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகவும் தெரியும். சுண்ணாம்பு கூடிய நிலத்தில் இது அதிகம் வரும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேர் எடுத்துக்கொள்ளும் நிலையில் அது இருக்காது. அங்கே எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் தளிர் பச்சையாகாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை இலையில் தெளித்தால் தேறும்.

ஆனால் உடனே அன்னபேதி வாங்கப் போய்விடாதீர்கள். மல்லி மஞ்சளாவதற்கு இரும்புக் குறை ஒரு காரணம், வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழு இன்னொன்று, வேரழுகல் மற்றொன்று. மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ரொம்ப மோசமான செடி ஒன்றை வேரோடு தோண்டி, மண்ணை அலசிவிட்டு மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேர்ப்பட்டை கறுத்து, வெள்ளைப் பூசணமும் கடுகு மாதிரி சின்னச் சின்ன உருண்டைகளும் தெரிந்தால் வேரழுகல். அதற்கு இலையில் தெளித்து ஒரு பயனும் இல்லை, வேரில் மருந்து ஊற்ற வேண்டும். வேர் சுத்தமாக இருந்தால் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணையும் பாதிக்கப்பட்ட செடியையும் அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இப்போது பாருங்கள். சத்து செடிக்குள் எப்படி நகர்கிறது என்பது தாவரச் செயலியல். மண்ணில் இரும்பு ஏன் கட்டுண்டு கிடக்கிறது என்பது மண்ணியல். வேரில் வந்த பூசணம் தாவர நோயியல், நூற்புழுவுக்குத் தனிப் பாடமே உண்டு. மருந்துச் செலவுக்குப் பூ விலை கட்டுமா என்பது வேளாண் பொருளாதாரம். உங்கள் தோட்டத்து ஒரு மஞ்சள் இலைக்குப் பின்னால் நிற்கிற இத்தனையையும் ஒரே ஆளின் தலைக்குள் சேர்த்து வைப்பதுதான் தோட்டக்கலைப் பட்டப்படிப்பு. உங்கள் மகள் பிளஸ் ஒன் தாவரவியல் புத்தகத்தில் படித்ததைச் சொந்தத் தோட்டத்தில் பொருத்திப் பார்த்திருக்கிறாள். தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிற பிள்ளைகள்தான் அதிகம். செடியைப் பார்த்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்துகிற பிள்ளை அபூர்வம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அவளைத் தயங்காமல் சேர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் மச்சான் சொல்வதையும் ஒதுக்க வேண்டாம். களை எடுப்பார்கள், உண்மைதான். பாத்தி கட்டுவார்கள், நாற்று நடுவார்கள், வெயிலில் நிற்பார்கள். வெள்ளை உடுப்பு போட்டு ஏசி அறையில் உட்காருகிற படிப்பு இது இல்லை. ஆனால் அந்தக் களையை எடுத்துத் தூரப் போட்டுவிட மாட்டார்கள். பதப்படுத்தி, தாளில் ஒட்டி, குடும்பம் எது, பேரினம் எது, விதையால் பரவுமா கிழங்கால் பரவுமா என்று எழுதி ஒப்படைக்க வேண்டும். பூச்சிகளையும் அப்படித்தான், பிடித்து, ஊசி குத்தி, பெட்டியில் அடுக்கி, பெயர் எழுத வேண்டும். முதல் வருடம் விடுதியில் எந்தப் பிள்ளையின் அலமாரியைத் திறந்தாலும் பூச்சிப் பெட்டி இருக்கும்!

கை வேலை என்று இளக்காரமாகச் சொல்கிறவர்கள் ஒட்டுக் கட்டுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாவில் இளந்தண்டு ஒட்டு என்று ஒன்று. கொட்டை போட்டு முளைத்த இளங்கன்றின் தலையை வெட்டி, நடுவில் கத்தியால் ஒரு பிளவு. நல்ல மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, அந்தப் பிளவில் இறக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வழவழவென்று மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. செல்கள் பெருகுவது அங்கேதான். கன்றின் அடுக்கும் குச்சியின் அடுக்கும் ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும். குச்சி கன்றைவிட மெலிதாக இருந்தால் நடுவில் வைக்கக் கூடாது, ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். இது தெரியாமல் அழகாக நடுவில் வைத்துக் கட்டினால் குச்சி காய்ந்துபோகும். நத்தம், அழகர்கோவில் பக்கம் பட்டம் வாங்காமலே இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைக்கு நான் ஈடில்லை. கல்லூரி கூடுதலாகக் கொடுப்பது, அந்தக் கை செய்வதற்கான காரணத்தை. காரணம் தெரிந்துவிட்டால் மாவில் கற்றதைச் சப்போட்டாவுக்கும் பலாவுக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் டீச்சர் சொன்ன தாவரவியல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மதுரையில் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி போன்ற இடங்களில் நல்ல துறைகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய்வரலாம், மூன்று வருடம், செலவும் குறைவு. பாசி, பூஞ்சை, காட்டுச் செடிகள், செல், மரபணு என்று தாவர உலகம் முழுவதையும் அறிந்துகொள்ள ஆசைப்படுகிற பிள்ளைக்கு அதுதான் சரியான இடம். ஆனால் அதை எடுத்தால் முதுகலை, ஆராய்ச்சி அல்லது ஆசிரியப் பயிற்சி வரை போகும் முடிவோடு எடுக்க வேண்டும். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கும், அரசின் தோட்டக்கலை அலுவலர் வேலைக்கும் மூன்று வருடத் தாவரவியல் பட்டம் செல்லாது. தோட்டக்கலைப் பட்டம் செல்லும். அதைவிட முக்கியம், தாவரவியல்காரருக்குச் செடியைப் புரிந்துகொண்டால் வேலை முடிந்தது. தோட்டக்கலைக்காரருக்குப் புரிந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. அந்தச் செடி பூக்க வேண்டும், பூ விற்க வேண்டும், விற்ற காசு வீட்டுக்கு வர வேண்டும். உங்கள் மகளின் கேள்வி யூரியாச் செலவைப் பற்றியது என்பதைக் கவனித்தீர்களா? அவள் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

எங்கே படிப்பது என்று பார்ப்போம். ஒத்தக்கடையில் யானைமலை ஓரம் 1965 முதல் இருக்கும் கல்லூரியில் நடப்பது வேளாண்மைப் பட்டப்படிப்பு. தோட்டக்கலைக்கு உங்களுக்குப் பக்கம் பெரியகுளம்தான். ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போய்விடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி அங்கே இருக்கிறது. நீங்கள் கடையில் கேட்டு வாங்குகிற பி.கே.எம்.1 முருங்கை விதையில் பி.கே.எம். என்பது பெரியகுளத்தைத்தான் குறிக்கிறது. அந்தச் செடிமுருங்கை 1989இல் வெளிவந்தது. அதற்கு முன்பு முருங்கை என்றால் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டு, மரமாகிக் காய்க்கக் காத்திருக்க வேண்டும். விதை ஊன்றி ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம் என்று ஆனதும் வறண்ட நிலத்துக்காரர்களுக்கு அது பெரிய பிடிமானமாயிற்று. தக்காளியிலும் சப்போட்டாவிலும்கூட பி.கே.எம். ரகங்கள் உண்டு. இவை வந்த களத்தில் நின்று படிப்பது தனி அனுபவம். கோயம்புத்தூரிலும் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, திருச்சியில் மகளிருக்கென்றே ஒன்று இருக்கிறது. தனியார் இணைப்புக் கல்லூரிகளும் உண்டு. ஆனால் தனியார் கல்லூரி என்றால், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று எழுத்தில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு மேல்படிப்புக்கு அலைகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

வேளாண்மையா தோட்டக்கலையா என்று கலந்தாய்வில் ஒரு தடுமாற்றம் வரும். வேளாண்மை எடுத்தால் நெல், பருத்தி, பயறு என்று பரப்பு அதிகம், அரசு வேலைக்கான கதவுகளும் சற்று அதிகம். அதை எடுத்தவர்கள் பிறகு முதுகலையில் தோட்டக்கலைக்கு வரலாம். ஆகவே அது கிடைத்தாலும் நஷ்டமில்லை. ஆனாலும் பூ, பழம், காய்கறிதான் அவளுக்கு இஷ்டம் என்றால் முதல் விருப்பமாகத் தோட்டக்கலையையே வைக்கட்டும். நான்கு வருடம் பிடித்ததைப் படிக்கிற பிள்ளை பின்னால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்.

கஷ்டமான இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவார்கள். கோவையில் தமிழ் வழியிலும் இந்தப் படிப்பைத் தொடங்கியிருக்கிறார்கள், மற்ற இடங்களில் ஆங்கிலம்தான். திணறல் தீர்ந்துவிடும், பயப்படத் தேவையில்லை. தாவரப் பெயர்களெல்லாம் லத்தீன் என்பதால் நகரத்துப் பிள்ளைக்கும் அது புதுசுதான். உயிர்வேதியியலும் புள்ளியியலும் நிறையப் பேரைப் படுத்தும். எட்டுப் பருவம், ஒவ்வொன்றிலும் செய்முறை, இடையில் தேர்வு என்று மூச்சுவிட நேரமிருக்காது. கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்கிற பகுதி ஒன்று வரும். உங்கள் மகளுக்கு அது சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

வேலை விஷயத்தில் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. தோட்டக்கலை அலுவலர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு வைக்கிறது. வருடம் தவறாமல் வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. வங்கிக் கள அலுவலர் தேர்வுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் போட்டி. தனியாரில் விதைக் கம்பெனி, சொட்டுநீர்க் கம்பெனி, திசு வளர்ப்புக் கூடம், ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் ரோஜா வளர்க்கும் பண்ணைகள் என்று இடங்கள் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, ஊர் விட்டு ஊர் போக வேண்டும், பெண் பிள்ளையைக் களப்பணிக்கு எடுக்கத் தயங்குகிற கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன. இது எனக்குக் கோபமூட்டுகிற விஷயம், ஏனென்றால் மல்லித் தோட்டத்தில் விடியுமுன்னே டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தோட்டத்தைப் பற்றிப் பேச அவர்களிடம் போகிற அதிகாரியும் பெண்ணாக இருந்தால் கேட்கத் தயங்கும் கேள்விகள்கூட வெளியே வரும். முதுகலையில் பழவியல், காய்கறியியல், மலரியல் என்று பிரித்துப் படிக்கலாம். படிக்கப் படிக்க ஆராய்ச்சி வேலைக்கும் கல்லூரி வேலைக்கும் வழி திறக்கும். முதுகலை வரை போகும் எண்ணத்தோடு சேர்வதுதான் என் கருத்தில் நல்லது.

"மண்ணில் பட்ட பாடு போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் பாடு எதனால் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். மார்கழிக் குளிரில் மல்லி மொட்டு விடுவதில்லை, தை முகூர்த்தத்துக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறிக் கிடக்கும்போது உங்கள் செடி சும்மா நிற்கும். பங்குனி சித்திரையில் பூ குவியும்போது விலை விழுந்து கிடக்கும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணச் சொல்கிறோம். அதை முன்னே பின்னே நகர்த்தி, விலை இருக்கிற நாளில் கொஞ்சமாவது பூக்க வைக்க முடியுமா என்பது ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற கேள்வி. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் உலகமெல்லாம் போனது. ஆனால் அந்த மல்லிக்குக் கன்று இன்னும் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. நோய் இல்லாத பதியனை உசிலம்பட்டியிலேயே உண்டாக்கிக் கொடுக்கிற நாற்றங்கால் ஒன்றைப் படித்த பிள்ளை ஒருத்தி நடத்தினால் சுற்றுவட்டாரமே அவளிடம் வரும்.

சிறுமலை வாழை கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முடிக்கொத்து நோய் வந்து அந்த மலையில் வாழையே இல்லாமல் போகிற நிலை ஏற்பட்டது. அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் அது, வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. வைரஸ் இல்லாத திசுவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கன்றாக்கி மலைக்குத் திருப்பிக் கொடுத்ததால்தான் அந்த வாழையை மீண்டும் நட முடிந்தது. அதைச் செய்தது செடியைப் படித்தவர்கள். அவர்களும் மண்ணோடுதான் இருந்தார்கள், ஆனால் உங்களைப் போல இருட்டில் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை. மகள் மண்ணுக்குத் திரும்புகிறாளே என்று வருந்தாதீர்கள். நீங்கள் நின்ற நிலையில் அவள் நிற்க மாட்டாள்.

இனி செய்ய வேண்டிய காரியம். வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான், நீட் தேவையில்லை. விண்ணப்பமும் கலந்தாய்வும் ஆன்லைனில் நடக்கும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீட்டுக்கு அவள் தகுதியானவள். அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும், கல்லூரியில் சேர்ந்ததும் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். இரண்டு பள்ளியில் படித்திருந்தால் இரண்டிடமும் வாங்குங்கள். கடைசி நாளில் இதற்காக ஓடி இடத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

முடிந்தால் கலந்தாய்வுக்கு முன் ஒரு வேலை நாளில் மகளைப் பெரியகுளத்துக்கு அழைத்துப் போங்கள். அனுமதி கேட்டுவிட்டு நாற்றங்காலைச் சுற்றிப் பாருங்கள். மூன்றாம், நான்காம் வருடப் பிள்ளைகளிடம் அவளைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே சொல்லுவாள். அதன்பிறகும் தாவரவியல்தான் பிடிக்கிறது என்று சொன்னால், அதையே படிக்க விடுங்கள்.